வலது முன் சக்கரம்

காளப்பநாயக்கன்பட்டி
20-1-1946

மரியாதைக்குரிய மச்சான் ஆறுமுகசாமி அவர்களுக்குச் செங்கோடன் வணக்கம். நானும் உங்கள் தங்கை அம்சவேணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் ராமாயி அக்காவும் குழந்தையும் எப்படி என்று இரண்டு வரி எழுதுங்கள். பொங்கலுக்கு வருவீர்கள் என்று அம்சவேணி கடைசி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி விஷயமாகத்தான் எழுதுகிறேன். முன்பக்க ஸ்பிரிங் வில்லில் மெயின் பட்டை இந்த மாதத்தில் மூன்றாம் தடவையாக ஒடிந்துவிட்டது. யுத்தத்துக்கு மலையிலிருந்து மரம் இறக்கக் கண்டிராக்டர் வெட்டின தடம்தான் என்றாலும் ஒன்பதாவது வளைவில் பாறை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. போன வெள்ளிக்கிழமை அங்கே ஸ்டியரிங் கையை விட்டுத் துள்ளிவிட்டது. பள்ளத்துக்கு இரண்டு முழம் இருக்கும்போது நின்றேன். கூட வந்த கருப்பண்ணன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். அவர் மலைமேல் பைல் நாட்டுக்காரர். மிளகும் பலாவும் பயிரிடுகிறவர். முதன்முதலில் என் வண்டியில் மூட்டை ஏற்றியவர் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நம்பினார்கள்.

நம் ஊர் ஆசாரி கந்தப்பன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது டவுன் ரோட்டுக்குப் பண்ணின பிக்கப்புங்க. முன்னாடி எலும்பே பத்தலைங்க. இன்னும் பட்டை மாத்திப் பிரயோசனமில்லை" என்றார். உங்கள் பட்டறையில் ஏதாவது வழி உண்டா?

தங்கள் மாப்பிள்ளை
செங்கோடன்


கோயமுத்தூர்
29-1-1946

அன்புள்ள மாப்பிள்ளைக்கு ஆறுமுகசாமி எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். குழந்தைக்கு மட்டும் சளி, மருந்து கேட்டுக் குறைகிறது. பட்டறையில் ராத்திரி பகல் வேலை, அதனால்தான் பொங்கலுக்கு வரவில்லை என்று அம்சவேணியிடம் சொல்லுங்கள்.

கவலையை விடுங்கள். பட்டாளத்து லாரிகளை ஏலத்தில் எடுத்து எங்கள் முதலாளி பிரித்துக்கொண்டிருக்கிறார். மூன்று லாரி வந்து நிற்கிறது. அவற்றின் முன்பக்கத்தைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும், நம் வண்டியுடையது பென்சில் மாதிரி. அச்சு, ஒன்பது பட்டை கொண்ட வில், சக்கரம் திருப்புகிற ஸ்டப் இரண்டு, ஸ்டியரிங் கம்பி, எல்லாமே கனத்தது. ஒரு செட்டு எனக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டை விற்று வண்டி வாங்குங்கள் என்று உங்களைப் பிடித்துத் தள்ளினவன் நான். தள்ளினவன் தாங்கவும் வேண்டுமல்லவா. வண்டிச் சட்டத்தின் அகலம், வில் உட்காரும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம், இவற்றை நூல் பிடித்து அளந்து அனுப்புங்கள்.

ஆறுமுகசாமி


காளப்பநாயக்கன்பட்டி
11-2-1946

மச்சான் அவர்களுக்கு வணக்கம். எல்லோரும் நலம், குழந்தையின் சளி விட்டதா?

அளவுகளைத் தனித் தாளில் அம்சவேணி எழுதியிருக்கிறாள். நூலின் ஒரு நுனியை அவள்தான் பிடித்தாள். எனக்கு இரண்டு தடவை தப்பாக வந்தது, அவளுக்கு ஒரே தடவையில் சரியாக வந்தது.

வண்டி மரத்தடியில் நிற்கிறது. மலைக்காரர்கள் மறுபடி தலைச்சுமையாக இறங்குகிறார்கள். செம்மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையை முன்னால் கட்டிக்கொண்டு, தலையில் மூட்டையோடு வந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்து, "வண்டி எப்பங்க எந்திரிக்கும்?" என்று கேட்டாள், ஏதோ காய்ச்சலில் படுத்த ஆளை விசாரிப்பது போல. பட்டாளத்து லாரியின் கால் வருகிறது, வந்ததும் எழுந்துவிடும் என்று சொன்னேன். மலை முழுக்க இப்போது அதே பேச்சுதான். கருப்பண்ணன் உங்களுக்கென்று ஒரு படி மிளகு எடுத்து வைத்திருக்கிறார்.

சீக்கிரம் அனுப்புங்கள்.

செங்கோடன்


கோயமுத்தூர்
4-3-1946

மாப்பிள்ளைக்கு. இங்கே சுகம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை.

சாமான்களை நேற்று ரயிலில் சேலத்துக்குப் போட்டுவிட்டேன். ரசீது இத்துடன் இருக்கிறது. துரு ஏறாமல் இருக்கப் பச்சைப் பெயிண்டு அடித்திருக்கிறேன். சுரண்ட வேண்டாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: வில்லை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல் நாலையும் மாற்றி மாற்றி முறுக்குங்கள். முன்பக்கம் மூன்று விரல்கடை உயரும், அதனால் பழைய ஸ்டியரிங் கம்பி எட்டாது. நான் அனுப்பியதைப் போடுங்கள். நூறு மைல் ஓடியதும் எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.

ஒன்று. கொஞ்ச நாளைக்குச் சுமை மட்டும் ஏற்றுங்கள். ஆள் ஏற்ற வேண்டாம். நான் சித்திரையில் வந்து ஒரு தடவை பார்த்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

அம்சவேணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஆறுமுகசாமி


காளப்பநாயக்கன்பட்டி
26-3-1946

மச்சான் அவர்களுக்கு ஆயிரம் வணக்கம். எங்களுக்கு இப்போது என்ன குறை!

புளியமரக் கிளையில் சங்கிலி போட்டு வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தினோம். பழைய அச்சைக் கழற்ற ஒரு நாள். சட்டத்தில் புதுத் துளை போடக் கந்தப்பன் ஆசாரிக்கு ஒன்றரை நாள். புது அச்சைத் தூக்கி உட்கார வைக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் எழுதினபடியே போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினோம். வண்டி இறங்கி நின்றபோது, குனிந்து நடந்த ஆள் நெஞ்சை நிமிர்த்தின மாதிரி இருந்தது.

ஒன்பதாவது வளைவில் கை அசையவில்லை மச்சான். பாறை மேல் ஏறி இறங்குகிறது, ஸ்டியரிங் மடியில் தூங்குகிற பிள்ளை மாதிரி இருக்கிறது. கருப்பண்ணன் கீழே இறங்கியதும் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆள் ஏற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். முதல் வாரம் ஏற்றவில்லை. பிறகு முடியவில்லை. மூட்டையை ஏற்றிக்கொண்டு மூட்டைக்காரரை நடந்து வா என்றால் எப்படி?

செங்கோடன்

அண்ணாவுக்கு அம்சவேணி எழுதுவது. அவர் ஆசாரி வீட்டுக்குப் போயிருக்கிறார். மண்ணெண்ணெய் விட்டு நான்தான் சாமான்களைத் துடைத்தேன். வலது பக்கத்து ஸ்டப்பில் ஓர் இடத்தில் பெயிண்டு உரிந்துவிட்டது. அதற்கு அடியில் சுத்தியல் பட்ட மாதிரி தடமும், தீயில் காய்ச்சின இரும்பில் வருகிற நீலமும் தெரிகிறது. இடது பக்கத்தில் அப்படி இல்லை. அது இருக்கலாமா அண்ணா? அவரிடம் சொல்லவில்லை. உங்களைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.


கோயமுத்தூர்
2-4-1946

மாப்பிள்ளைக்கும் அம்சவேணிக்கும். சுகம். வண்டி நன்றாக ஓடுவதில் சந்தோஷம்.

அம்சவேணி கண்ணு, அது செய்கிறபோதே பட்ட தடம். சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதற்காக மாப்பிள்ளையைக் கலக்க வேண்டாம்.

மாப்பிள்ளை, வேகம் வேண்டாம். இறங்கும்போது முதல் கியரிலேயே வாருங்கள். வாரம் ஒரு முறை இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு உள்பக்கம் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி ஓசை வர வேண்டும். மொத்தென்று கேட்டால் வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள். வலது பக்கத்தை முக்கியமாகப் பாருங்கள், பள்ளம் அந்தப் பக்கம்தானே. ஆள் ஏற்றுவதைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். தயவுசெய்து.

சித்திரையில் வர முடியும் என்று தோன்றவில்லை. லீவு இல்லை.

ஆறுமுகசாமி


காளப்பநாயக்கன்பட்டி
3-5-1946

மச்சான் அவர்களுக்கு. நானும் அம்சவேணியும் உயிரோடு இருக்கிறோம்.

போன மாதம் பதினேழாம் தேதி பலாப்பழ லோடு. பின்னால் எட்டுப் பேர். கருப்பண்ணன் தன் இடத்தை ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டு, என் பக்கத்துப் படியில் நின்றுகொண்டு வந்தார். ஒன்பதாவது வளைவு தாண்டி, பத்தாவது. ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். மழை கட்டியிருந்ததால் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன். மறைக்க மாட்டேன். ஒரு கல் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. வலது முன் சக்கரம் தனியாக உருண்டு பள்ளத்தில் இறங்குவதை நான் பார்த்தேன். அது நம் சக்கரம் என்று எனக்குத் தெரியவே ஒரு கணம் ஆயிற்று. பள்ளத்தில் விழாமல் இருக்க இடப்பக்கம் ஒடித்தேன். வண்டி திரும்பி, பின்பக்கம் சுழன்று, என் பக்கம் பாறையில் போய் மோதியது. அந்தப் பக்கத்தில்தான் அவர் நின்றிருந்தார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான்.

விசாரிக்க வந்த போலீசாரிடம், என் வேகம்தான் காரணம், என் கைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வேகம் வேண்டாம், ஆள் வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதினீர்கள். நான் கேட்கவில்லை. உங்களுக்கு முகம் காட்ட வெட்கமாக இருக்கிறது.

செங்கோடன்


கோயமுத்தூர்
21-5-1946

மாப்பிள்ளைக்கு. உங்கள் கடிதம் வந்தபோது குழந்தைக்கு உடம்பு சரியில்லை. அதனால் உடனே எழுத முடியவில்லை. செய்தி கேட்டு ராமாயி மிகவும் அழுதாள்.

நடந்தது நடந்துவிட்டது. மலைப்பாதை. கல்லில் இடித்தால் எந்த இரும்பும் தாங்காது. மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். வண்டியை அப்படியே விடுங்கள். ஒடிந்த சாமானை யாருக்கும் காட்ட வேண்டாம், தேவையில்லாத பேச்சு வரும்.

அந்த மனுஷருக்கு என்ன வேண்டுமோ எழுதுங்கள், முடிந்ததைச் செய்கிறேன்.

ஆறுமுகசாமி


காளப்பநாயக்கன்பட்டி
2-6-1946

அண்ணாவுக்கு அம்சவேணி எழுதுவது.

உங்கள் கடிதத்தை அவர் மூன்று தடவை படித்தார். படித்துவிட்டு, "பார்த்தியா, மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டலை" என்று சொன்னார். எனக்கு எழுந்து வெளியே போய்விடத் தோன்றியது.

ஒடிந்த ஸ்டப் என்னிடம்தான் இருக்கிறது. அரிசிப் பானைக்குப் பின்னால், சாக்கில் சுற்றி. பத்தாவது வளைவுக்கு நானே ஏறிப் போய் எடுத்து வந்தேன். ஒடிந்த வாயைப் பார்த்தேன் அண்ணா. பாதி வெள்ளையாக, உப்புக்கல் மாதிரி மின்னுகிறது. அது அன்றைக்கு ஒடிந்தது. மீதிப் பாதி கறுப்பு. உள்ளே துரு ஏறியிருக்கிறது. நான் கண்ட அதே நீலத்துக்கு நேர் கீழே. அந்தப் பாதி எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே ஒடிந்திருந்தது.

நான் கேட்டேன். நீங்கள் தடம் என்று எழுதினீர்கள். எனக்கு ஸ்லேட்டு வாங்கிக் கொடுத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்த அண்ணன் எழுதினால் அது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டேன். அதனால் அந்தக் காலில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அவர் தினமும் விடியும்போதே மலை ஏறுகிறார். கருப்பண்ணனுடைய காட்டைக் கொத்திச் சாமை விதைக்கிறார். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. சோறு பிசையும்போது நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்க்கிறார். நேற்று, "இந்தக் கை நடுங்குதா பாரு அம்சா" என்று நீட்டினார். நடுங்கவில்லை. "அப்ப அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வரும்வரை இன்னொன்று எழுத மாட்டேன்.

அம்சவேணி


கோயமுத்தூர்
18-6-1946

மாப்பிள்ளை செங்கோடன் அவர்களுக்கு.

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு வாய் இல்லை. இதற்கு முன் நாலு தாள் கிழித்தேன்.

உங்கள் கைமேல் தப்பு இல்லை. ஸ்டப் ஒடிந்தது கல்லினால் அல்ல.

எனக்கென்று சொல்லி வைத்த நல்ல செட்டை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்த லாரியில் வலது ஸ்டப் வளைந்திருந்தது. பட்டறையில் ஒருவர் அதைத் தீயில் காய்ச்சி அடித்து நிமிர்த்தினார். மேஸ்திரி பார்த்துவிட்டு, "இது ஆகாது, பழைய இரும்புக்குப் போடு" என்று சுண்ணாம்புக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். அதை நான் துடைத்தேன். மேலே பச்சைப் பெயிண்டு அடித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கிடைத்துவிட்டது என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். மலையெல்லாம் சொல்லிவிட்டதாக நீங்கள் எழுதினீர்கள். கிடைக்கவில்லை என்று இன்னொரு கடிதம் எழுத வெட்கமாக இருந்தது. வேறு காரணம் இல்லை. பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை.

சுமை மட்டும் ஏற்றினால் தாங்கிவிடும் என்று நினைத்தேன். தட்டிப் பார் என்று எழுதினேன். காரணத்தை எழுதவில்லை. அம்சவேணி கேட்டபோதும் பொய் எழுதினேன். நீங்கள் பழியை உங்கள் மேல் போட்டு எழுதியபோது, அதை அப்படியே உங்கள் மேல் விட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் அதுதான் கேவலம்.

இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள்.

ஆறுமுகசாமி


காளப்பநாயக்கன்பட்டி
1-7-1946

ஆறுமுகசாமி அவர்களுக்கு.

கடிதம் வந்தது. அம்சவேணி இரும்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவளோடு மூன்று நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

நாலாம் நாள் மலைக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். போனது அவருடைய கால், தெரிய வேண்டியது அவருக்குத்தான். கருப்பண்ணன் கட்டிலில் இருந்தார். உரக்கப் படித்தேன். அவர் மனைவி கண்ணாயி அடுப்பை விட்டு எழுந்து வந்து, "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கருப்பண்ணன், "ஏனுங்க, இத்தனை நாளா எங்காட்டைக் கொத்துனீங்களே, எதுக்குங்க?" என்றார்.

"என் தப்புன்னு நெனச்சுங்க."

"இப்ப உங்க தப்பு இல்லைன்னு ஆயிப்போச்சு. நாளைக்கு வருவீங்களா?"

"வருவேனுங்க."

"அப்ப அவரையும் வரச்சொல்லுங்க. மழை எறங்கிட்டுது. களை மண்டுது. எனக்குக் கோவம் ஆறலீங்க. ஆறும்னும் சொல்ல மாட்டேன். ஆனா காட்டுக்கு ஆள் வேணும்."

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். என் பங்குக்கு ஒன்று. இரண்டு மாதம் நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதமும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. காரணம் எழுதியிருந்தால் வண்டியை நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருப்பேன் என்பது உங்களுக்கும் தெரியும்.

வந்தால் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். நேராக மலைக்குப் போங்கள்.

செங்கோடன்


பைல் நாடு
24-7-1946

அம்சவேணி கண்ணுக்கு அண்ணன் எழுதுவது. இதை மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரும் நானும் ஒரே காட்டில் களை வெட்டுகிறோம். அவர் இந்தக் கோடியில், நான் அந்தக் கோடியில். இதை நீட்டினால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். ராமாயியையும் குழந்தையையும் அவள் அண்ணன் வீட்டில் விட்டிருக்கிறேன். பட்டறையை விட்டு நின்றுவிட்டேன்.

வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய், மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தது சரியல்ல என்று என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மலை ஏறினேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள்.

முதல் மூன்று நாள் கண்ணாயி எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, ஓடையில் குடித்தேன். நாலாம் நாள் களி உருண்டையை இலையில் வைத்து, வரப்பில் வைத்துவிட்டுப் போனாள். இப்போதும் அப்படித்தான். பசிக்கு அது போதும்.

கருப்பண்ணன் கோலை ஊன்றி வாசல் வரை வருகிறார். என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை. நேற்று மட்டும் வரப்பில் உட்கார்ந்து, நான் கொத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணு கேக்கறேனுங்க" என்றார்.

"கேளுங்க."

"அந்த வண்டியில உங்க தங்கச்சியும் ஏறுவாங்கன்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க" என்றேன்.

அவர் வரப்பை விட்டு எழுந்தார். கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கொத்திக்கொண்டே இருந்தேன்.

களை முடிய இன்னும் எட்டு நாள் ஆகும். அதன் பிறகு மிளகுக் கொடிக்கு மண் அணைக்க வேண்டும் என்றார். எனக்காகச் சோறு வைக்க வேண்டாம் கண்ணு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ஆறுமுகசாமி